அறுபதாம் படியில் என் தைராய்டு

எடை குறைக்கப் போனேன். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டது. தொண்ணூற்றாறாக இருந்தது தொண்ணூற்றெட்டு ஆயிற்று. நடந்தது இவ்வளவுதான். எப்படி ஏறியது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னைப்போல் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

என் பெயர் முருகானந்தம். ஊர் திருச்செங்கோடு. அறுபத்தாறு வயது. முப்பது வருடம் போர் வண்டி வைத்திருந்தேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பாறையைத் துளைத்திருக்கிறேன். தொள்ளாயிரம் அடியில் தண்ணீர் வராவிட்டாலும் அசரமாட்டேன், ஆயிரத்துக்குப் போவேன். இப்போது வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி இல்லாவிட்டாலும் வாய் இருந்தது. அதுதான் வினை.

என் சம்சாரம் முத்தாயம்மாளுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தைராய்டு. கழுத்துக்குள் இருக்கிற சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை என்றார்கள். ஆள் உப்பினாள். முடி கொட்டியது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். நான் என்ன செய்தேன்? கிண்டல் செய்தேன். கம்ப்ரசர் ஓடுகிறது, வண்டிதான் நகரவில்லை என்பேன். ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தம் யாராவது வந்தால் அவர்கள் முன்னாலும் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

ஆனால் அவள் செய்த காரியம் இருக்கிறதே, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுவாள். வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு டீயைத் தொடமாட்டாள். அந்த ஒரு மணி நேரத்தையும் விடமாட்டாள், நடந்துவிட்டு வருவாள். தட்டில் பாதி காய்கறி. சோறு இரண்டு கரண்டி. ராகிக் களி, கொள்ளு ரசம், அவித்த முட்டை. பட்டினி மட்டும் கிடக்கமாட்டாள். கல்யாண வீட்டில் ஒரு ஜிலேபி தின்பாள், இரண்டாவது ஜிலேபி இருக்கிற பக்கமே திரும்பமாட்டாள். நான்கு வருடத்தில் பதினான்கு கிலோ இறங்கினாள். மாதத்துக்கு முந்நூறு கிராம்கூட இல்லை. கிரானைட்டில் துளை போட்டவன் சொல்கிறேன், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுரப்பி ஒன்றும் சரியாகிவிடவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் இத்தனையும்.

போன தை மாதம் அதே கூத்து எனக்கு ஆரம்பித்தது. பகலில் தூக்கம். பாதம் ஜில்லென்று இருந்தது. குரல் கட்டி, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வீட்டில் சொல்லாமல் லேபுக்குப் போனேன். பேர், வயது, போன் நம்பர் கேட்டார்கள். சொன்னேன். ரத்தம் கொடுத்தேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். முத்தாயம்மாள் பார்க்கிற அதே டாக்டரம்மா. ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?

தைராய்டு என்றார்.

“அது பொம்பளைங்களுக்கு வர்றதுங்களே” என்றேன்.

“ஆம்பளைங்களுக்கும் கழுத்து இருக்குதுங்களே” என்றார்.

சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். மாத்திரை எழுதினார். எடை குறையவேண்டும், நடக்கவேண்டும், மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கவேண்டும், அதற்குள் வழிக்கு வராவிட்டால் இருதயத்துக்குச் சேதி போகும் என்றார். மாத்திரை எப்படிப் போடுவது என்றும் ஏதோ சொன்னார். நான் இருதயத்திலேயே நின்றுவிட்டேன். அது காதில் ஏறவில்லை.

வெளியே வந்து ஒரு முடிவெடுத்தேன். உயிரே போனாலும் இது முத்தாயிக்குத் தெரியக்கூடாது. பன்னிரண்டு வருடக் கிண்டல். அவள் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு எழுபத்தெட்டு வயது வரை கேட்க இருக்கிறது.

திட்டம் சுலபமானது. மாத்திரைப் பட்டையைப் பனியன் பையில் வைத்துக்கொள்வது. காலையில் பாலசுந்தரம் டீக்கடைக்குப் போய் முதல் டீயோடு விழுங்கிவிடுவது. வீட்டில் சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பது. கேட்டால் மன உறுதி என்று சொல்வது.

“ஏனுங்க, களி போட்டிருக்கறேன். ரெண்டு வாய் உண்டுக்கோங்க.”

“வேண்டாம்.”

“மோராச்சும்?”

“மனசுல உறுதி இருந்தா மோர் எதுக்கு புள்ள?”

“செரிங்க. அப்ப உறுதியையே ஒரு சொம்பு குடிச்சுட்டுப் படுங்க.”

குடித்துப் பார்த்தேன். மறுநாள் காலை பதினோரு மணி வரைதான் நின்றது. பதினோரு மணிக்குப் பாலசுந்தரம் முட்டை போண்டா போடுவான். முட்டை உடம்புக்கு நல்லது என்று முத்தாயியே சொல்லியிருக்கிறாள். அதைச் சுற்றி மாவு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது என்பதையெல்லாம் நான் ஆராயவில்லை. முதல் நாள் ஒன்று. இரண்டாவது வாரம் மூன்று. பட்டினி கிடப்பவன் தின்கிறபோது கை தனியாக வேலை செய்கிறது. நடப்பதா? நடந்தேன். வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவே நூற்றைம்பது அடி.

சித்திரையில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடை மெஷினில் ஏறச் சொன்னார். இறங்கச் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார். தைராய்டு அளவு முன்னைவிட மோசம். மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். டீயில் என்றேன்.

“மூணு மாசமா நான் டீக்கு வைத்தியம் பார்த்திருக்கறேன்” என்றார்.

டீயோடு விழுங்கினால் மாத்திரை உடம்பில் சேராதாம். போண்டாவைப் பற்றி நானாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இனி விளையாட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு உண்மையாகவே பயந்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து முத்தாயம்மாள் மலைக்கு நடந்து போகவேண்டும், நீங்களும் வரவேண்டும் என்றாள். மேலே பஸ் போகிறதே என்றேன். வேண்டுதல் என்றாள். வேண்டுதல் என்றால் எதிர்ப்பேச்சு கிடையாது.

திருச்செங்கோட்டு மலைக்கு ஆயிரத்து இருநூறு படி. ஏறுகிற வழியில் பாதி தூரத்தில் அறுபதாம் படி என்று ஓர் இடம் உண்டு, கீழிருந்து எண்ணுகிற அறுபது அல்ல, இடத்தின் பெயரே அதுதான். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. வழக்கு, தகராறு என்றால் அங்கே கூட்டிப்போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேட்பார்கள். கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அங்கே வாய் திறக்கமாட்டான். என் பழைய கூட்டாளி சென்றாயன், கம்ப்ரசர் தன்னுடையது என்று நாலு பஞ்சாயத்தில் அடித்துப் பேசினான். அறுபதாம் படிக்கு வா என்றேன். வந்தான். கற்பூரத்தைப் பார்த்தான். செருப்பைக்கூட மறந்துவிட்டு இறங்கிப் போனான். கம்ப்ரசர் மறுநாள் என் வாசலில் நின்றது. அந்த இடத்தின் பலம் எனக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அவள் முன்னால், நான் பின்னால். இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். அவள் அவசரப்படுத்தவே இல்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் பத்து நிமிடம் நின்றாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் மூச்சு சீராக இருந்தது. அறுபத்திரண்டு வயது, பன்னிரண்டு வருடத் தைராய்டு, இரண்டு பிரசவம் கண்ட உடம்பு. புடவையைச் செருகிக்கொண்டு ஏறுகிறாள், ஏணி ஏறுகிற போர் வண்டிப் பையன் மாதிரி. வண்டி நகரவில்லை என்று நான் சொன்ன வண்டி. எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அறுபதாம் படியில் நின்றாள். மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பொறவு நான் ஒண்ணும் கேக்கறதில்ல.”

“என்ன வார்த்தை?”

“முத்தாயி, உனக்குத் தெரியாம நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிப்போட்டு இதுல கைய வையுங்க.”

கற்பூரம் எரிந்தது. நான் கையைத் தூக்கினேன். கை முட்டியோடு நின்றுவிட்டது. சென்றாயன் முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவனைப் பார்த்து எப்படிச் சிரித்தேன் என்பதும் வந்தது. இறங்கி ஓடலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்காது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். தைராய்டு, சர்க்கரை, பனியன் பை, டீ, போண்டா. எத்தனை போண்டா என்று அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். இருதயம் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்கிறபோது குரல் இன்னும் கட்டிக்கொண்டது. தைராய்டுதான் காரணம்.

அவள் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“நீங்க சத்தியமே பண்ணியிருக்கலாமுங்க. எனக்குத் தெரியாம நீங்க ஒண்ணுமே பண்ணலையே.”

லேபில் நான் கொடுத்த நம்பர் அவளுடையது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். தை மாதமே ரிப்போர்ட் அவள் போனுக்கு வந்துவிட்டது. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாளாம். மாத்திரையாவது ஒழுங்காகப் போடுகிறேன் என்று நம்பியிருந்தாளாம். இரண்டாவது ரிப்போர்ட் மோசமாக வந்ததும் நேராகப் பாலசுந்தரத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவன் மாத்திரை முதல் போண்டா வரை ஒப்பித்துவிட்டான். அங்கிருந்து டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள். என்னை மலை ஏற்றலாமா என்று கேட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து பாதி வரை ஏறலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் இந்த வேண்டுதலே உண்டாகியிருக்கிறது.

“தெரியுமுன்னு ஊட்டுலயே கேட்டிருக்கலாமில்ல?” என்றேன்.

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

மன உறுதி என்று சொல்லியிருப்பேன்.

இன்னொரு கற்பூரம் ஏற்றினாள். அவள் மடியில் எத்தனை இருந்தது என்று தெரியவில்லை. இந்தத் தடவை சத்தியம் வேறு. காலை ஐந்தரைக்கு அவள் கண் முன்னால் பச்சைத் தண்ணீரில் மாத்திரை. ஒரு மணி நேரம் நடை. அதற்குப் பிறகு டீ. மூன்று வேளையும் அவள் வைப்பதைச் சாப்பிடுவது, பட்டினி கிடக்கக்கூடாது. கை வைத்தேன்.

இறங்கி வருகிறபோது எனக்கு ஒன்று தோன்றியது. சத்தியத்தில் வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. போண்டா என்ற வார்த்தையே வரவில்லை. தொழில் செய்தவனுக்கு ஒப்பந்தத்தில் ஓட்டை எங்கே என்று தெரியும். மறுநாள் பதினோரு மணிக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். போண்டா தட்டில் ஆவி பறந்தது. ஒன்று எடு என்றேன். பாலசுந்தரம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“மன்னிச்சுக்கோங்கண்ணா. அக்கா நேத்துச் சாயங்காலம் என்னையும் அறுபதாம் படிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு.”

ஒரே நாளில் அவள் இரண்டு தடவை அந்தப் படியை ஏறியிருக்கிறாள். நான் ஏறிய ஒரு தடவைக்கே இரண்டு நாள் கால் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

அதோடு நான் துளைப்பதை நிறுத்திவிட்டேன். சில பாறையில் தண்ணீர் கிடையாது.

முதல் மாதம் அரைக் கிலோகூடக் குறையவில்லை. கத்தினேன். உங்கள் வண்டி எத்தனை நாளில் பழுதானது, ஒரே நாளில் சரியாகவேண்டுமா என்றாள். இரண்டாம் மாதம் ஒன்றரைக் கிலோ. குரல் திரும்பியது. பகல் தூக்கம் போனது. மூன்றாம் மாதம் பாதம் சூடாயிற்று. ஒருநாள் நடக்கும்போது நான் அவளை முந்திவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். வேண்டுமென்றே மெதுவாக வருகிறாள் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி நடந்தேன். இத்தனை மாதத்தில் என் பழைய கிண்டலை அவள் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். என் எடை எண்பத்தொன்பது. தைராய்டு அளவுக்குள் இருந்தது. சர்க்கரை எல்லையை விட்டு உள்ளே வந்திருந்தது. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ஆனால் இருதயத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம் என்றார். வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எடப்பாடியில் தறி வைத்திருப்பவர், இதே நோய், மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார், நீங்கள் எப்படிக் குறைத்தீர்கள் என்று ஆம்பிளைக்கு ஆம்பிளை நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். என்னைவிடப் பருமனான ஆள். பக்கத்தில் உட்கார்ந்து கனைத்தேன். ஒன்பது கிலோ குறைத்ததைச் சொன்னேன். அவர் மரியாதையாகத் திரும்பினார்.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வைப்பதைச் சாப்பிடுகிறேன் என்றேன். எவ்வளவு சோறு என்றார். முத்தாயியைப் பார்த்தேன். அவள் சொன்னாள். எத்தனை கிலோமீட்டர் நடை என்றார். மறுபடி அவளைப் பார்த்தேன். மாத்திரை என்ன பவர் என்றார். நான் இந்த முறை பார்ப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

ஐந்தாவது கேள்விக்கு அந்த மனுசன் நாற்காலியையே அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நடுவில் நான் இருப்பதால் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதி முடித்துவிட்டு, உங்களுக்கு வைத்தியம் பார்த்தது யார் என்று என்னிடம் கேட்டார். அது ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

“முத்தாயம்மாள்.”