விஷம் குடித்த வெள்ளைக் குதிரை

வெள்ளைக் குதிரைச் சாமியார் காளியண்ணன் கேமரன் மலையில் எழுந்தருளியது 1978இல். அன்றோடு பாம்புகளுக்கு வேலை போயிற்று! கியா பார்மிலிருந்து ஒரு லோரி கூட்டம், லெம்பா பெர்த்தாமிலிருந்து ஒரு லோரி கூட்டம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் மொத்தமும் அவர் வாசலில்தான் கிடந்தது.

சங்கதி இதுதான். பாம்புக்கடி மருந்தைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பது எப்படியோ சாமியார் காதில் விழுந்துவிட்டது. ஏமாற்றுவதற்குப் பாதி உண்மை போதாதா? தினமும் ஊரறியக் குதிரைக்கு ஒரு கிண்ணம் 'நாக விஷம்' ஊட்டுவார். குதிரை சாகாது. அதன் வால்மயிரைக் கையில் கட்டினால் நாமும் சாகமாட்டோமாம்! ஒரு மயிர் ஒரு நாள் கூலி. எத்தனை பேருக்கு விற்றாலும் வால் மட்டும் மெலியவில்லை. அதையும் அற்புதம் என்றார்கள்.

அந்த மயிரைக் கட்டிக்கொண்டுதான் பவளம் கொழுந்து பறித்தாள். செடியில் கிடந்த பச்சை விரியனுக்கு மயிரின் மகிமை தெரியவில்லை, பாவம். கடித்துவிட்டது.

கை முழங்கை வரை வீங்கிவிட்டது. புருஷன் மாடசாமி அவளைத் தூக்கிக்கொண்டு நேரே சாமியாரிடம் ஓடினான். பின்னாலேயே அவள் தாய் அம்மாக்கண்ணு ஓடினாள்.

"மாப்பிள்ளை, தானா ராத்தா டவுனுக்கு லோரி கெளம்புது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்லா!"

"சும்மா இருங்க அத்தை. குதிரை விஷத்தைக் குடிச்சதும் இவளுக்கு எறங்கிடும்."

கிண்ணம் வந்தது. குதிரை ஒரே மூச்சில் உறிஞ்சி, கிண்ணத்தையும் நக்கியது. இன்னும் இருக்கிறதா என்று சாமியாரின் தோளை முட்டியது. அம்மாக்கண்ணு பார்த்தாள். மகள் துடிக்கிறாள், குதிரை சப்புக்கொட்டுகிறது! சாமியார் கையிலிருந்த விஷப் புட்டியைப் பிடுங்கி முகர்ந்தாள். பிறகு மடக்மடக்கென்று குடித்தே விட்டாள். கூட்டம் அலறியது.

"அடப்பாவி! வெறும் தேத்தண்ணிடா இது, தே ஓ! நம்ம பாக்டரி தூளு, பால் ஊத்தல, அவ்வளவுதான். சீனி கொஞ்சம் தூக்கல்."

ஆயுசெல்லாம் தேயிலையில் கிடந்த கூட்டம். ஒருவர் மூக்குக்காவது எட்டியதா? சாமியாரும் லேசில் அசரவில்லை.

"என் கை பட்டா விஷமும் தேத்தண்ணியாகும், தாயே!"

நம்புவீர்களா? பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது!

"அப்படியா? இந்தா, எம் மவ கை. இதுல ஏறுன விஷத்தையும் தேத்தண்ணியாக்கு. நின்னு பாக்குறேன்."

சாமியார் பவளத்தின் கையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அப்புறம் குதிரைமேல் தாவ முயன்றார். மாடசாமி அவர் நரைத்த சடையை எட்டிப் பிடித்தான். சடை கையோடு வந்துவிட்டது. பொய்ச்சடை, உள்பக்கம் மயிரை உருவி உருவி விற்று மொட்டையாகிக் கிடந்தது. குதிரை வால் ஏன் மெலியவில்லை என்பது அப்போதுதான் ஊருக்கு விளங்கிற்று. சடையை வீசிவிட்டு, பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு லோரிக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பவளம் பிழைத்தாள்.

"குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஊசியில ஏத்துவாங்க. அதோட ரத்தம் எதிர்க்கப் பழகிடும். அந்த ரத்தத்துலேர்ந்துதான் இந்த மருந்து" என்றார் டாக்டர்.

மாடசாமி பயபக்தியோடு கேட்டான். "வெள்ளைக் குதிரைங்களா டாக்டர்?"

அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றினால் குதிரை ரத்தம்கூட எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. நமக்கு இந்தச் சாமியார்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்றுகிறார்கள். நாமோ சீனி தூக்கலாகக் கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். குதிரைக்கு வருகிற எதிர்ப்பு நமக்கு எப்போதய்யா வரும்?