ஐம்பத்தெட்டு கிலோ

“பன்னெண்டு பேரு, அவங்க பெட்டி, எரிபொருள், எல்லாம் சேர்ந்து ஒரு அளவுக்குள்ள நிக்கணும் சார். சின்ன விமானம் இல்லையா? அதுக்குத்தான் டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வொருத்தர் எடையையும் கேட்டு வாங்கிக்கிறோம்.”

கவுன்ட்டர் பெண் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். மனைவியோடு பயணம் கிளம்பி வந்திருந்த லாரி எடைமேடைக்காரர், கேட்டதும் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

காரணம், படிவத்தில் மனைவியின் எடை என்று அவர் எழுதியிருந்தது ஐம்பத்தெட்டு கிலோ.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செல்போனில் படிவத்தை நிரப்பியபோது, “உன் எடை எவ்வளவு?” என்று கேட்டார். “ஊர் லாரியையெல்லாம் நிறுக்கிறவரு நீங்கதானே, பார்த்து எழுதுங்க,” என்றாள் மனைவி, இடுப்பில் கை வைத்தபடி. குடும்பம் நடத்தத் தெரிந்தவர் அவர். கல்யாணத்தன்று அவள் இருந்த எடையை எழுதிவிட்டார். அவர் தோளுக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

இப்போது கண்ணாடி வழியே விமானத்தைப் பார்த்தார். பள்ளிக்கூட வேனுக்கு இறக்கை ஒட்டியதுபோல் நின்றது. அதன் வயிற்றடியில் ஒரு ஆள் கைப்பையைக்கூட விடாமல் நிறுத்து, எழுதி, ஏற்றிக்கொண்டிருந்தான்.

திரும்பி மனைவியைப் பார்த்தார். கடைசி வரிசை நாற்காலியில் வாரப் பத்திரிகையில் மூழ்கியிருந்தாள். இவரோ இருபத்திரண்டு வருடமாக நெடுஞ்சாலை எடைமேடையில் உட்கார்ந்திருப்பவர். டயர் பிதுங்குவதைப் பார்த்தே பாரம் சொல்லிவிடுவார். எழுபத்தாறு, என்றது கண்.

பதினெட்டு கிலோ வித்தியாசம். பதினெட்டு கிலோ என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. கணக்கில் வராத ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கடல்மேல் பறக்கப் போகிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் கவுன்ட்டருக்கு மேலே பலகை தொங்கியது: எடை மிஞ்சினால் கடைசியாக டிக்கெட் எடுத்தவர்கள் இறக்கப்படுவார்கள். கடைசியாக எடுத்தது இவர்கள்தான். தீவில், கடற்கரை ஹோட்டலில் வேலை பார்க்கும் மகளுக்கு நாளைக் காலை பதினோரு மணிக்குப் பதிவுத் திருமணம். அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து.

சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் போகிறவர்களே போச்சு.

பெட்டியில் மருந்து இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லி, கவுன்ட்டரில் நிறுத்துக் கொடுத்திருந்த பெட்டியைத் திரும்ப வாங்கினார். தூணுக்குப் பின்னால் குந்தித் திறந்தார். முதலில் கையில் வந்தது தலையணை. தூக்கிப் பார்த்தார்; எடை போதாதென்று திரும்பத் திணித்தார். அடியில் மகளுக்கு வாங்கிய மிக்ஸி, மூன்று ஜார்களோடு. அதையும் தன் புது ஷூவையும் நாளைக்குப் போட வைத்திருந்த கோட்டையும் எடுத்துக்கொண்டு போய், வாசலில் டீ விற்கும் அம்மாவிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். திரும்பி வருவோமா என்ற சந்தேகத்தைச் சொல்லவில்லை.

பெட்டி மறுபடி தராசில் ஏறியது. எட்டு கிலோ குறைந்திருந்தது. எடைமேடைக்காரர் மூச்சு விட்டார். இன்னும் பத்துதான்.

கவுன்ட்டர் பெண்ணின் முகம் மலர்ந்தது. “ரொம்ப நல்லதாப் போச்சு சார். தீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரின்டர் மூணு நாளா இடமில்லாமக் கிடக்கு. சரியா எட்டு கிலோ.” அவர் வாயைத் திறப்பதற்குள் அட்டைப்பெட்டி ஒன்று வெளியே போயிற்று.

மறுபடி பதினெட்டு. மிக்ஸியும் இல்லை, கோட்டும் இல்லை.

தூணைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அரும்பாடுபட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பழியைத் தானே ஏற்று, அந்தப் பதினெட்டைத் தன் எடையில் சேர்த்துச் சொன்னால் என்ன? மனைவிக்கும் தெரியாது, கணக்கும் சரியாகிவிடும். எப்படியாவது பேசிச் சமாளித்து அந்தப் பிரின்டரை இறக்கிவிட்டால் பாதிப் பாரம் போகும்.

குனிந்து, குரலைத் தாழ்த்தி, “என் எடையைத் தப்பா எழுதிட்டேன்மா. நான் எண்பத்தாறு,” என்றார்.

கவுன்ட்டர் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டிய உடம்பு. “அதெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். போய் உட்காருங்க.”

“சரியா இல்லம்மா. நான் சொல்றேன்ல.”

வேறு வழியில்லாமல் அவள் பக்கத்திலிருந்த சரக்குத் தராசைக் காட்டினாள். ஏறி நின்றார். சுவரில் சாண் உயரச் சிவப்பு எண்கள் எரிந்தன: அறுபத்தெட்டு. படிவத்தில் எழுதியது அதேதான்.

இதைப் பின்னால் நின்ற கட்டட கான்ட்ராக்டர் பார்த்துவிட்டார். பருத்த மனிதர். காத்திருந்த நேரத்தில் எடைமேடைக்காரர் அவரிடம் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகவே பேசியிருந்தார்.

“என்ன அண்ணே, எடை போடுறதே பொழப்புன்னீங்க. நீங்களே கணக்கு தப்புன்னா எனக்கு ஏறவே பயமா இருக்கு. எல்லாரும் நின்னு பார்த்துட்டே ஏறுவோம்.”

அவ்வளவுதான். பேச்சு கூடம் முழுவதும் பரவியது. வேண்டியதில்லை, கணக்கு சரியாக இருக்கிறது என்று கவுன்ட்டர் பெண் மூன்று முறை சொன்னாள். சொல்லச் சொல்ல ஜனங்களுக்குச் சந்தேகம் கூடியது. ஐந்து நிமிடத்தில் தராசின் முன்னே வரிசை நின்றது. கான்ட்ராக்டர் ஏறினார், எழுதியதைவிட ஒரு கிலோ குறைவு, மனிதர் பூரித்துப்போனார். ஒவ்வொருவராக ஏறி இறங்க, எல்லோர் கண்ணும் அந்தச் சிவப்பு எண்கள்மேல்தான்.

மனைவி பத்திரிகையை மடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தாள். அவளுக்கு முன்னே மூன்று பேர். பிறகு இரண்டு பேர்.

“என்னங்க, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? விமானம்னா பயமா?”

“இல்ல,” என்றார்.

அவருக்கு முன்னே இரண்டு காட்சிகள் மாறி மாறி வந்தன. ஒன்றில், சாண் உயர எண்களுக்குக் கீழே, பத்துப் பேர் முன்னால் அவள் கூனிக் குறுகி நின்றாள். மற்றொன்றில் கடல். மகள் நாளைக்கு அழுவாள்தான். அழட்டும், அவளுக்கு அம்மா உயிரோடு வேண்டும்.

மனைவி செருப்பைக் கழற்றி ஒரு காலைத் தூக்கினாள். எடைமேடைக்காரர் குறுக்கே பாய்ந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தராசுமேல் நின்றார்.

“அவ ஏற வேண்டாம். எழுபத்தாறு. நான்தான் ஐம்பத்தெட்டுன்னு பொய் எழுதினேன். எங்க ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுடுங்க. மத்தவங்க பத்திரமாப் போகட்டும்.”

கான்ட்ராக்டர் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார். மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் பார்த்திராத பார்வை. தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கடைசி வரிசை நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

எடைமேடைக்காரர் கவுன்ட்டரில் சாய்ந்தார். கவுன்ட்டர் பெண் பேனாவைத் தொடவே இல்லை.

“எழுதிக்கோம்மா. எழுபத்தாறு. அடிச்சுத் திருத்து.”

அவள் கடைசி வரிசைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“திருத்த ஒண்ணும் இல்ல சார். அம்மா போன வாரமே போன் பண்ணி எழுபத்தெட்டுன்னு மாத்திட்டாங்க. ‘அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம், பாவம், ஆசையா எழுதியிருக்காரு’ன்னாங்க.”