நீர் மோப்பம் பிடித்த பசு

அன்று காலை பண்ணை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஏற்கெனவே ஆறு ஓடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். குடம், வாளி, பிளாஸ்டிக் கேன் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். தையல்காரர் தன் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியையே தூக்கி வந்துவிட்டார். தண்ணீர் வரவில்லை. எங்கே இருக்கிறது என்பதே இன்னும் தெரியவில்லை. ஆனால் வரிசை வந்துவிட்டது. வரிசையில் யார் முன்னால் என்ற சண்டையும் வந்துவிட்டது.

எல்லாம் ஊற்றுக்கண்ணாரின் மகிமை. பூமிக்கு அடியில் ஓடும் நீரைப் பசுவின் மூக்கைக் கொண்டே கண்டுபிடிக்கும் மகான் அவர். பசு வயலில் நடந்துபோய் ஓரிடத்தில் நின்று தரையை நக்கும். அங்கே துளை போட வேண்டியதுதான். இதற்குமுன் மூன்று பண்ணைகளில் கண்டுபிடித்திருந்தார். இரண்டில் புழுதி வந்தது. உரிமையாளர் மனதில் சந்தேகம் இருந்ததால் ஊற்று கோபித்துக்கொண்டு போய்விட்டதாம். மூன்றாவதில் ஈரம் வந்தது. அது ஏரிக்கரையை ஒட்டிய பண்ணை. அங்கே மாடு கட்ட முளைக்குச்சி அடித்தாலே ஈரம் வரும். இதையெல்லாம் யார் யோசித்தார்கள்?

நம் பண்ணைக்காரர் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அவர் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். அடுத்த வீட்டு மாட்டுக்கு வயிறு ஊதினால்கூட, மூடநம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்த பிறகுதான் மருந்தின் பெயரைச் சொல்வார். தான் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆளைக் கவிழ்க்க அந்த ஒரு நம்பிக்கையே போதும் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலைமையும் இல்லை. இரண்டு வருடமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. பண்ணையை அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து நடத்தினார்கள். மாடுகள் அவர் பொறுப்பு, செம்மறிகள் அக்கா பொறுப்பு. தீவனம் தீரத்தீர ஒவ்வொன்றாக விற்றார்கள். கிடாய்கள் போயின, குட்டிகள் போயின, கிழட்டு மாடுகள் போயின. மிஞ்சியவை பதினோரு பசுக்களும் நாற்பது தாய் ஆடுகளும்தான். அந்த நாற்பதும் போய்விட்டால், நாளைக்கே மழை கொட்டினாலும் முளைக்கிற புல்லை மேய வாய் இருக்காது. பண்ணை அத்தோடு முடிந்தது. அதனால் அக்கா தினமும் வேலிமரத்தில் தழை ஒடித்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து பட்டியில் போட்டு, ஒவ்வொரு ஆடும் தின்கிறதா என்று நின்று பார்ப்பார்.

ஊற்றுக்கண்ணார் காணிக்கையாகக் கேட்டது அந்த நாற்பது ஆடுகளைத்தான்.

"காசை நான் கையால தொடமாட்டேன். உயிரைக் குடுத்தாத்தான் உயிர்த்தண்ணி வரும். ஆனா ஒண்ணு, துளை போடறதுக்கு முன்னாடியே ஆடெல்லாம் வெளிய போயிடணும். இல்லேன்னா ஊத்து கீழ இறங்கிடும்" என்றார். பிறகு பட்டிக்குள் போய் ஒவ்வோர் ஆட்டின் முதுகையும் வாலடியையும் அழுத்திப் பார்த்தார். "ஆன்மாவைப் பாக்கறாரு" என்று பண்ணைக்காரர் பக்தியோடு கிசுகிசுத்தார். கசாப்புக்கடைக்காரரும் ஆன்மாவை அங்கேதான் பார்ப்பார்.

"ஏன்டா, நாப்பதும் போயிட்டா அப்புறம் தண்ணி யாருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"அக்கா, தண்ணி வந்தா தீவனம் போடலாம், ஆடு வாங்கிக்கலாம். நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பறவன் இல்ல, உனக்கே தெரியும். எல்லாத்தையும் சோதிச்சாச்சு."

"என்னத்த சோதிச்ச?"

"பசு நம்ம பசு. பதினொண்ணுல எதுன்னு நான்தான் சொல்வேன். அவரு அதைத் தொடக்கூட மாட்டாரு. இதுல எங்கேருந்து ஏமாத்த முடியும்?"

"சரி. தொழுவத்துல தொங்குன உப்புக்கட்டியெல்லாம் எங்க?"

மாடுகள் நக்குவதற்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த உப்புக்கட்டிகள் அவை. பத்து நாளைக்கு முன்னால் பண்ணைக்காரரே அவிழ்த்துச் சுமந்துபோய்ச் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"உப்பு நக்குனா மாட்டுக்கு மூக்கு மரத்துப்போகுமாம். தண்ணி வாசனை தெரியாதாம். அவருதான் சொன்னாரு."

"நீ படிச்ச படிப்புல அப்படியா இருக்கு?"

"படிப்புல எல்லாமா இருக்கும்?" என்றார் விலங்கியல் பட்டதாரி.

அக்கா மேற்கொண்டு வாதம் பண்ணவில்லை. சாமான் அறைச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குறித்த நாளுக்கு முந்தைய மாலையில் ஊற்றுக்கண்ணார் தன் மூங்கில் தடியோடு வயலில் தனியாக நடந்தார். பத்தடிக்கு ஒரு தட்டு தட்டி, குனிந்து தரையில் காதை வைத்துக் கேட்டார். கிழக்கு மூலையில் மட்டும் நிறையத் தட்டினார். நிலத்தோடு பேசுகிறாராம். யாரும் பக்கத்தில் வரக்கூடாதாம். கூட்டம் வந்துவிடாமல் வேலியோரம் காவல் நின்றவர் வேறு யார், நம் பண்ணைக்காரர்தான்.

மறுநாள் காலையில் ஆடுகளை ஏற்ற லாரி தயாராக வந்து, பின்கதவைச் சாய்த்து இறக்கிவைத்துக்கொண்டு வயல் ஓரத்தில் நின்றது. பண்ணைக்காரர் கூட்டத்தின் முன்னால் ஒரு சின்ன உரை ஆற்றினார். "இது நம்பிக்கை இல்ல, பரிசோதனை" என்று சொல்லி, பதினொன்றில் ஒன்றைத் தானே கைகாட்டி அவிழ்த்துவிட்டார். பசு மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே போனது. நேராகக் கிழக்கு மூலை. நின்றது. நாக்கை நீட்டியது. கூட்டம் போட்ட கூச்சலில் பட்டியில் இருந்த ஆடுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பண்ணைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பட்டியைத் திறங்க" என்றார் ஊற்றுக்கண்ணார்.

அக்கா பட்டியின் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு பசுவை விட்டுப் பாப்போம். அதுவும் அங்கேயே போய் நக்குனா, ஆட்டோட ஒரு பசுவையும் சேத்து ஓட்டிட்டுப் போங்க."

மகானுக்கு ஆசை முந்திக்கொண்டது. "தாராளமா" என்றார்.

அக்கா தொழுவத்திலிருந்து இரண்டாவது பசுவை லாரிப் பக்கமாக நடத்தி வந்து அவிழ்த்துவிட்டார். பசு நான்கு அடி வைத்தது. மூக்கைத் தூக்கியது. பிறகு, வழக்கமாக அடித்துத் தள்ளினாலும் லாரியில் ஏறாத அந்தப் பசு, சாய்த்த கதவின்மேல் தானாகவே தடதடவென்று ஏறி, உள்ளே போய், லாரியின் தளத்தைச் சளக்சளக்கென்று நக்க ஆரம்பித்தது.

கூட்டம் திகைத்தது. ஆனால் ரொம்ப நேரம் இல்லை. "லாரிக்கு அடியில இருக்கு! பெரிய ஊத்து!" என்று கத்தினார் தையல்காரர். உடனே லாரியை எடுக்கச் சொன்னார்கள். டிரைவர் பசுவோடு முப்பதடி தள்ளி நிறுத்தினார். பசு நக்குவதை நிறுத்தவில்லை. ஊற்று இப்போது டீசலில் ஓடிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரர் வாயைத் திறந்தார். நிலத்தடி நீர் நகரும் தன்மை உடையது என்று விளக்கப் போனார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

நல்லவேளை, அக்கா முந்திக்கொண்டார். "உள்ள ஒரு கைப்பிடி உப்பு கிடக்கு. காலையில நான்தான் போட்டேன். பத்து நாளா உப்பைக் கண்ணுல பாக்காத மாடு வேற எங்க போகும்?"

"சந்தேகக்காரங்க நிக்கற இடம் இது! ஊத்து போயிடும்!" என்று அலறினார் ஊற்றுக்கண்ணார்.

"போகட்டும். அந்தத் தடியைக் கொஞ்சம் குடுங்க."

அவர் தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பண்ணைக்காரருக்குக் காது வரை சூடேறியது. இரண்டே எட்டில் போய்த் தடியைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். முனையில் இருந்த அடைப்பு கழன்று விழுந்தது. உள்ளே குடைந்திருந்த மூங்கிலிலிருந்து பொடி உப்பு அவர் செருப்பின்மேல் கொட்டியது. முதல் பசு அதை நக்க ஓடி வந்தது.

மகான் லாரிக்கு ஓடினார். ஆனால் லாரியில் பசு இருந்தது; அடுத்தவர் மாட்டோடு ஊரைத் தாண்ட டிரைவர் மறுத்துவிட்டார். நக்கி முடிக்காமல் அது இறங்குவதாக இல்லை. அதற்குள் கூட்டத்தில் நின்றிருந்த, முன்பு புழுதி கிடைத்த இரண்டு பண்ணைக்காரர்களும் அவரைப் பிடித்து, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

மழை அதற்குப் பிறகும் ஏழு மாதம் வரவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்தே தழை ஒடித்தார்கள். ஆறு ஆடுகள் செத்தன. ஒவ்வொன்றுக்கும் அக்கா அழுதார். முப்பத்துநாலு பிழைத்தன. மழை வந்த வாரம் அவை ஈரப் புல்லில் வாய் வைத்ததைப் பார்த்துப் பண்ணைக்காரரும் வெட்கமில்லாமல் அழுதார்.

இப்போது யாராவது அவரிடம் வந்து, "உங்க பசுவையே ஏமாத்திட்டானாமே?" என்று துக்கம் விசாரித்தால் உடனே மறுத்துவிடுவார்.

"பசு எங்கங்க ஏமாந்துச்சு? உப்பைத் தேடிப் போச்சு, உப்பு கிடைச்சுது. அந்த மண்ணை நாக்குல வச்சுப் பாத்தது அன்னைக்கு அது ஒண்ணுதான். சுத்தி முந்நூறு பேர் நின்னோம், எல்லாருக்கும் நாக்கு இருந்துச்சு. கோஷம் போட்டோமே தவிர, குனிஞ்சு ஒரு சிட்டிகை எடுத்துப் பாக்கணும்னு எவனுக்கும் தோணல. அதுல பட்டதாரி நான் ஒருத்தன்தான்."