பாட்டரி மேல் பழி

எங்கள் பழைய காரை எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது என்று தீர்மானித்தேன். மனசுக்குள்தான். சத்தமாகத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கள் வீட்டில் மனைவிக்கு மட்டும். அவள் அதற்குள் ஒரு பல் டாக்டரிடம் விலை பேசி முடித்திருந்தாள். ஞாயிறு காலை ஓட்டிப் பார்க்க வருகிறார்.

கல்யாணமான புதிதில் வாங்கிய கார் அது. ரேடியோவோடு சேர்ந்து அவள் பாடுவாள். பாட்டு முடியட்டும் என்று நான் சுற்றுவழியில் போவேன். மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் கூட்டி வந்தோம். நான் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்தினார்கள். அதையா ஒரு பல் டாக்டரிடம் பிடுங்கக் கொடுப்பது?

சனிக்கிழமை வண்டி கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தன் வண்டியிலிருந்து ஒயர் மாட்டி ஜம்ப் ஸ்டார்ட் செய்தார். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"என்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் பக்கம் காட்டணும் சார். இது பன்னிரண்டையே தாண்டல. பாட்டரி மேல பழி போடாதீங்க. அதுக்குச் சோறு போடுற ஆல்டர்னேட்டர் படுத்துடுச்சு. இருக்கிற சார்ஜ் தீர்ந்ததும் வண்டி நின்னுடும்."

"நடுவழியிலயா?"

"நடுவழியிலதான்."

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்! நாளைக்குக் கிளம்புற அளவுக்கு மட்டும் பாட்டரிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுங்க. விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஞாயிறு. டாக்டர் ஓட்டினார். நான் பக்கத்தில், மனைவி பின்னால். ஹெட்லைட், ஏசி, ரேடியோ, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

"மழையே இல்லையே, வைப்பர் எதுக்குங்க?"

"டாக்டர் எல்லாத்தையும் பார்த்து வாங்க வேண்டாமா?"

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியோவில் பாடியவருக்குத் தொண்டை கட்டியது. ஹாரன் கொசுவாகியது. ஏரிக்கரையில் வண்டி நின்றேவிட்டது.

மனைவி கண்ணாடியை இறக்கித் தண்ணீரைப் பார்த்தாள். "இங்கதானே எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தீங்க? மரத்துல இடிச்சதுக்கு, மரம்தான் குறுக்க வந்துச்சுன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே!"

ஜெயித்துவிட்டேன்!

"மன்னிக்கணும் டாக்டர். வண்டி சரியில்ல. நீங்க வேற பாருங்க."

"ஆல்டர்னேட்டர்தானே? அக்கா நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. புதுசு வாங்கி மெக்கானிக் கையில கொடுத்திருக்கேன். பின்னாலயே பைக்ல வர்றார் பாருங்க."

எலக்ட்ரீஷியன் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னாராம். அந்த அம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும்தான் சொன்னாராம்.

மெக்கானிக் புது ஆல்டர்னேட்டரை மாட்டி, கையோடு கொண்டுவந்த சார்ஜ் ஏறிய பாட்டரியையும் வைத்து வேலையை முடித்தார். டாக்டர் சாவியைத் திருப்பியதும் வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி உறுமியது. எங்களை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள் மனைவி. வளைவில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னேன்.

"போகட்டும் விடு. கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் காலம் மாதிரி மெதுவா நடந்து போவோம்" என்றேன்.

அப்போது பளபளவென்று ஒரு சின்னக் கார் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவள் எங்கள் மகள். மனைவி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"இது யார் வண்டி?"

"நம்மளுதுதான். இன்னிக்குத்தான் டெலிவரி" என்றாள் மனைவி.

"யாரைக் கேட்டு வாங்கின?"

"உங்களைக் கேட்டுத்தான். சரின்னு தலையாட்டினீங்களே!"

"நீ எதைக் கேட்டாலும் நான் தலையாட்டுவேனே!"

"அதான் கேட்டேன். பின்னாடி ஏறுங்க."