முப்பத்தெட்டு மயிலும் ஒரு குடம் தண்ணீரும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது இதைக் கூசாமல் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு இதை யார் எழுதுவது என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்ல என் மனைவி கனகா எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அவளே அதை நல்ல தமிழாக்கிக்கொள்கிறாள். (இப்படி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. - கனகா.)

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கூத்து புரியாது. பட்டுச்சேலையில் ஒரு மயில் வர வேண்டுமென்றால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் சிவப்பு மையால் ஒவ்வொரு கட்டமாக அடைத்து வரைவார்கள். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். அந்த அட்டையைத் தறிக்கு மேல் மாட்டினால் தறி தானாக மயிலை நெய்யும். ஐம்பது வருடமாக நான் அட்டை குத்துகிறவன். ஓரெழுத்து தெரியாது, ஆனால் கட்டத்தைக் காட்டினால் அது யானையா, யாளியா, மாங்காயா என்று தூரத்திலிருந்தே சொல்வேன். பெரிய காஞ்சிபுரத்தில் என் கைபடாத மயில் கட்டிக்கொண்டு கல்யாணம் ஆன பெண்கள் குறைவு. (இது கொஞ்சம் அதிகம்.)

படிக்கத் தெரியாததை நான் மறைத்த விதம் பெரிய கதை. காலையில் பக்கத்து வீட்டு ருக்குமணியின் பேப்பரைக் கனகா இரவல் வாங்கி, அடுப்பில் பால் பொங்குவதற்குள் நாலு செய்தியைப் படித்துச் சொல்வாள். அதை அப்படியே சுமந்துகொண்டு டீக்கடைக்குப் போவேன். அங்கே இருக்கும் பேப்பரை விரித்துப் பிடித்து, அப்போதுதான் கண்ணில் பட்டது போல "அடடே!" என்பேன். எதிரே ஏழுமலை உட்கார்ந்திருப்பான். வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கி ஓய்ந்தவன். பேப்பரில் ஆளுக்குப் பாதி.

"படிச்சிட்டியாபா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு ஆச்சு. ஒண்ணுமில்ல இன்னைக்கு."

மாற்றிக்கொள்வோம். பிறகு ஒரு மணி நேரம் உலக விவகாரம். நான் சொன்னதை அவன் மறுப்பான். "அதே பேப்பர்லதான் போட்டுக்கீது, கண்ண தொறந்து பாரு" என்பான். நான் பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இருபது வருடம் இப்படி ஓடியது.

ஒரு நாள் சாயந்திரம் எங்கள் தெருமுனையில் காலேஜ் பெண்கள் நாலு பேர் காகிதக் கட்டுடன் வந்து நின்றார்கள். கூட்டம் கூடியது. நான் பின்னால் நின்றேன். அதில் ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்:

"இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துல நம்ம நாட்டு ஜனங்க எப்படி வாழணும்னு உங்களைக் கேக்க வந்திருக்கோம். நீங்க சொல்றதை வெச்சுத்தான் திட்டம் போடப்போறாங்க."

அந்த இரண்டு வரிக்குப் பிறகு அவள் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. பிரமித்துப்போய் நின்றேன். என் ஆயுளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். "அட்டை எப்போ முடியும்?" "கையெழுத்தா, கைநாட்டா?" "ரேஷன் கார்டு எங்க?" "பெருசு, கொஞ்சம் நவுந்து நிக்கிறியா?" அவ்வளவுதான். நாடு எப்படி இருக்க வேண்டும் என்று என்னை ஒருவர் கேட்பார், அதுவும் நான் இருக்கப்போகாத காலத்தைப் பற்றிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஏகாம்பரநாதர் கோபுரத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது ஒன்று தோன்றும் அல்லவா, அதைக் கட்டத் தொடங்கியவன் முடித்ததைப் பார்த்திருக்க மாட்டான் என்று? அந்த மாதிரி ஒரு உணர்ச்சி. நடுமுதுகில் சில்லென்றது.

நான் சிலிர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் முக்கியமானதைச் சொல்லியிருக்கிறாள். காகிதத்தில் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் நல்வாழ்வுக்கு வேண்டிய ஒரு விஷயம். எதிரே பத்துக் கட்டம். எது எவ்வளவு அவசியமோ அத்தனை கட்டத்தை அடைக்க வேண்டும். அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

என் கைக்குக் காகிதம் வந்தது. பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு கட்டம். பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஏதோ எழுத்து. அதை நான் எப்போதும் போலக் கண்டுகொள்ளவில்லை.

ருக்குமணி வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் ஏறாது. நாலு தெரு தாண்டிப் போய்க் குடத்தில் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. நெசவுக்காரிக்குக் கை போனால் தறி நின்றது என்று பொருள். அவள் தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"ஏண்ணா, என் காகிதத்தையும் நீயே போட்டுடு. இந்தக் கையால சோறே எங்க வூட்டுக்காருதான் ஊட்டி வுடறாரு."

"போட்டுட்டா போச்சு. இன்னா போடணும்?"

"தண்ணிதாண்ணா, வேற இன்னா? மத்தது எத வுட்டாலும் தண்ணிய வுட்றாத."

கல்யாண முகூர்த்த மாசம், எல்லா வீட்டிலும் தறியை விட்டு எழ முடியாத வேலை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பேப்பர் படிக்கிற மனுசன், சரியா போடுவாரு." "தண்ணிண்ணா, தண்ணி." "மாமா, தண்ணிய மறந்துடாத." மொத்தம் முப்பத்தெட்டு வீடு. கனகா அன்று ஊரில் இல்லை. வாலாஜாபாத்தில் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. (நான் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.)

எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லச் சொல்லி யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் இருபது வருடக் கௌரவம் என்னாவது? உட்கார்ந்து யோசித்தேன். நெசவு ஊர் என்பதால்தான் நம்மிடம் கட்டத்தாளாகக் கொடுத்திருக்கிறார்கள். மனதில் இருப்பதை நம் பாஷையிலேயே காட்டச் சொல்கிறார்கள். என்ன மரியாதை! சரி, தண்ணீரைக் கட்டத்தில் எப்படிக் காட்டுவது? சட்டென்று பிடிபட்டது. மயில். மயில் ஆடினால் மழை. மழை பெய்தால் தண்ணீர். இதைவிடத் தெளிவாக ஒருவன் கேட்க முடியுமா?

பத்துக்குப் பன்னிரண்டில் மயில் போடுவது லேசான காரியமில்லை. இரண்டு நாள் ஆனது. உச்சி வரியில் கொண்டைக்கு ஒரே கட்டம். அடுத்த வரியில் தலைக்கு இரண்டு. அப்படியே கழுத்து, நெஞ்சு என்று இறங்கி, ஏழாவது வரியில் வயிறும் தோகையும் சேர்ந்து பத்துக் கட்டமும் நிறையும். கீழே கால். ருக்குமணி காகிதத்துக்கு மட்டும் கொண்டையில் இன்னொரு கட்டம் வைக்கலாமா என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. ஒரு கட்டம் பிசகினால் சேலை முழுக்கப் பிசகும் என்பது தொழில் புத்தி. முப்பத்தெட்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஊர் திரண்டு வந்திருந்தது. கனகா, ருக்குமணி, எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கம். என் பக்கத்தில் ஏழுமலை. மேடையில் சென்னையிலிருந்து வந்த அதிகாரி அம்மா, சின்ன வயது, கண்ணாடி போட்டவர். முதலில் ஜனங்களைப் பேசச் சொன்னார். திருமுக்கூடல் பக்கத்து விவசாயி ஒருவர், என்னைவிட மூத்தவர், மைக்கைப் பிடித்தார். பிறகு சொன்னார்: "பாலாத்துல தண்ணி ஓடணும்மா. நான் பாக்க மாட்டேன். ஆனா ஓடணும்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அதிகாரி அம்மா எழுந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு.

"இந்த ஊர்ல ஒரு தெருவைப் பத்திச் சொல்லியே ஆகணும். முப்பத்தெட்டு வீடு. முப்பத்தெட்டுப் பேரும் கூடிப் பேசி, ஒரு கட்டம்கூட மாறாம ஒரே பதில் குடுத்திருக்காங்க. தமிழ்நாடு முழுக்க இப்படி ஒரு ஒற்றுமைய நாங்க பாக்கலை!"

கைதட்டல்.

"அவங்களுக்குக் குடிநீர்ப் பிரச்சினை இல்ல போலிருக்கு, ஒரே ஒரு கட்டம். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு. ஆனா நூலகத்துக்கு... பத்துக்குப் பத்து! முப்பத்தெட்டு வீடும்!"

மண்டபம் அதிர்ந்தது. நானும் தட்டினேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினேன். ஏழுமலை காதில் சொன்னேன்: "இன்னா ஜனங்கபா! தண்ணிகூட வாணாம், படிப்புதான் வேணும்றாங்க. இவங்க கால்ல வுழணும்."

"எந்தத் தெருவா இருக்கும்?" என்றான் அவன்.

அப்போது திரையில் படம் வந்தது. "அதுவும் காஞ்சிபுரத்துக்கே உரிய கலைநயத்தோட நிரப்பியிருக்காங்க, பாருங்க."

ஆள் உயரத்துக்குச் சிவப்பு மயில்.

என் கை தட்டின நிலையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் எங்கள் தெரு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ருக்குமணி எழுந்தாள்.

"ஏண்ணா! தண்ணி எங்கண்ணா?"

"அதாம்மா... மயிலு."

"மயிலா?"

"மயிலு ஆடினா மழ வருமில்ல..."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ருக்குமணி மட்டும் சிரிக்கவில்லை. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி அம்மா குழம்பிப்போய், "ஐயா, வரிசைல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துத்தானே போட்டீங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கனகாவின் குரல்: "அவருக்குக் கண்ணாடி ஒடஞ்சிட்ச்சிங்க! எழுத்து தெரியல!" நாற்பது வருடப் பழக்கம், என்னைக் காப்பாற்றத் தாவிவிட்டாள்.

"அதனால என்ன? என்னோடதைப் போட்டுக்கோங்க. இப்ப நீங்களே படிச்சுச் சொல்லுங்க, திருத்திடலாம்." அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார். கையில் காகிதத்தையும் கொடுத்தார்.

பார்த்தேன். எறும்புகள் பெரிதாகியிருந்தன. வேறு ஒரு மாற்றமும் இல்லை.

தலைவலி, மயக்கம், வயிற்றுவலி என்று மூன்று பொய் வரிசையாக வந்து நின்றன. நிமிர்ந்தேன். ருக்குமணி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் பொய் சொன்னால் அவளுடைய தண்ணீர் அந்த ஒரு கட்டத்திலேயே நின்றுவிடும். கண்ணாடியைக் கழற்றினேன்.

"அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. அட்டை குத்தத்தான் தெரியும். தெருவுல யாருக்கும் இது தெரியாது. தண்ணிதான் கேட்டாங்க எல்லாரும். நான்தான் மயிலாக்கிட்டேன்."

சிரிப்பு நின்றுபோனது. அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கண் கலங்கியிருந்ததா, கண்ணாடி இல்லாததால் அப்படித் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை. பிறகு மைக்கில் கேட்டார்: "தப்பு எங்க மேலதான். இந்தக் காகிதத்தைப் படிக்க முடியாம குடுத்தவங்க வேற யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முதலில் முன்வரிசையில் பாலாற்றைப் பற்றிப் பேசினவர் கை தூக்கினார். ஒரு அம்மாள். அப்புறம் இரண்டு பேர். மெதுவாக, நாற்று முளைப்பது போல, மண்டபம் முழுக்கக் கைகள். இத்தனை பேரும் என்னைப் போலவே தலையாட்டிக்கொண்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினேன்.

ஏழுமலை கை தூக்கியிருந்தான்.

"அடப்பாவி! நீயுமா?"

"எம் மருமக படிச்சி சொல்லுவா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப இருபது வருசமா 'கண்ண தொறந்து பாரு'ன்னு சொன்னியே?"

"நீ படிக்கிறியேன்னு பயந்துக்கினு சொன்னதுபா அது."

அன்று காகிதத்தையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, அந்த அம்மா ஒவ்வொரு வரியாக வாயால் படித்தார். ஜனங்கள் வாயால் பதில் சொன்னார்கள். பொழுது சாயும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. "குடிநீர்" என்றதும் எங்கள் தெரு மொத்தமும் கை தூக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே ருக்குமணியின் மாவுக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

தண்ணீர் மறு வருடம் வந்தது. ருக்குமணி முதல் குடத்தை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தாள். "இந்தாண்ணா, உன் மயிலுக்கு" என்றாள்.

ஆனால் அதற்கு முன்னாலேயே நூலகம் வந்துவிட்டது. பழைய கணக்கு அதற்குள் எங்கோ மேலே போய்ச் சேர்ந்து, அதை யாராலும் திரும்பக் கூப்பிட முடியவில்லையாம். சின்ன அறை, இரண்டு பெஞ்சு, நாலு அலமாரி. பலகையில் வேறு என்னவோ பெயர் எழுதியிருக்கிறார்கள். பத்துக் கட்டமும் நிறைந்தது மயிலின் வயிற்று வரியில்தான் என்பதால், தெருவில் அதற்கு ஒரே பெயர், மயில் வயிறு. "எங்கடி போற?" "மயிலு வயித்துக்குமா." தினம் காலையில் ருக்குமணி அங்கே பேப்பரை உரக்கப் படிக்கிறாள். கை தூக்கினவர்கள் பலர் வந்து உட்காருகிறோம். ஏழுமலையும் நானும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, அப்படியும் சண்டை போடுகிறோம்.

வீட்டில்தான் எனக்கு நிம்மதி போய்விட்டது. ராத்திரிக்குத் தோசையா, உப்புமாவா என்று அவள் கேட்டு நான் கொஞ்சம் யோசித்தால் போதும், கனகா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்பாள்:

"வாயால சொல்றியா, மயிலு போட்டுக் காட்டுவியா?"

(தோசை என்றுதான் சொன்னார். வாயால். - கனகா.)