தண்டவாளம் என்பது இரும்பு மட்டும்

சரியான சொல்லில் சொன்னால் ஒழிய எந்தச் சங்கதியையும் காதில் ஏற்றிக்கொள்ளாத ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தின் தேர்ந்த மாதிரி ஒருவர், ரயில் பாதைப் பராமரிப்பில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்று, பாதைக்கு எதிரிலேயே வீடு பிடித்துக் குடியிருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் 'திருத்தம்'.

அவர் முன்னால் ரயில் பாதையைத் தண்டவாளம் என்று சொல்லிவிட்டுத் தப்பியவர் இல்லை. தண்டவாளம் என்பது இரும்பு மட்டும். அதைத் தாங்குவது ஸ்லீப்பர். ஸ்லீப்பருக்கு அடியில் கிடப்பது ஜல்லி, நீங்கள் நினைப்பதுபோல் வெறும் கல் அல்ல. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கேஜ், அதையும் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குத்தான் அளக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு வீட்டுக்கு வழி கேட்ட புதுத் தபால்காரர் இதைக் கேட்டு முடிப்பதற்குள் நான்கு வண்டிகள் போய்விட்டனவாம். நான்கு அல்ல, மூன்று. நான்காவது தனி எஞ்சின்.

ஒருநாள் காலை தையற்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ரயில் நிலையத்தின் தொலைபேசி எண் தெருவில் திருத்தம் ஒருவரிடம்தான் இருக்கிறது.

"சார்! வளைவுகிட்ட கம்பி உடைஞ்சு கிடக்கு சார்! இன்னும் பத்து நிமிஷத்துல வண்டி வந்துரும். என் பொண்ணு அதுலதான் வர்றா!"

"கம்பியா? துணி காயப்போடற கம்பியா?"

"தண்டவாளம் சார்!"

"அப்படிச் சொல்லுங்க. உடைஞ்சிருக்கா, விரிசலா?"

"என் கையே உள்ள போகுது சார்!"

"இணைப்புலயா? இணைப்புன்னா கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வச்சிருப்போம். எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எந்தத் திசையைப் பார்த்து நின்னா இடது?"

தையற்காரர் அழுதேவிட்டார். திருத்தத்துக்கும் உள்ளுக்குள் பதறாமல் இல்லை. ஆனால் அரைகுறை விவரத்தோடு நிலையத்தில் பேசி, முப்பத்தாறு ஆண்டுப் பெயரை ஒரே காலையில் கெடுத்துக்கொள்வதா? நோட்டை எடுத்தார். தேதி போட்டார். நேரம் போட்டார். பேனா எழுதவில்லை, உதறினார்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி போனை எடுத்து எண்ணைச் சுழற்றினார்.

"ஸ்டேஷனா? வளைவுகிட்ட ரயில் ரோடு பிஞ்சு போச்சு. வண்டிய நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டார்கள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. தையற்காரரின் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

"பிஞ்சு போச்சா? அது என்ன பேச்சு?" என்றார் திருத்தம். "எந்த வளைவுன்னுகூட நீ சொல்லல."

"இருக்கறதே ஒரு வளைவுதாங்க."

அன்று மாலையே அவர் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்: 'பிய்ந்தது' என்று பதிவாகியிருப்பின் 'முறிந்தது' எனத் திருத்திக்கொள்ளவும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தையற்காரர் 'இடது பக்கம்' என்றபோது, வண்டியில் வந்துகொண்டிருந்த அந்தப் பெண் உங்கள் நினைவுக்கு வந்தாளா, அல்லது 'எந்தத் திசையைப் பார்த்து?' என்பது நியாயமான கேள்விதான் என்று ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் போனை யார் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.