பாப்பாவின் பரீட்சையை எழுதியவர்கள்

பரீட்சை எழுதுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஹாலுக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் ஒரு வகை. பல ஆயிரம் மைலுக்கு அப்பால், சோபாவில் உட்கார்ந்து, பேனாவே இல்லாமல் எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்குப் பாடத்திட்டம் உண்டு, மணி அடித்தால் எழுந்து போய்விடலாம். இரண்டாம் வகையினருக்கு மணியே அடிப்பதில்லை. பிள்ளையை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, இங்கிருந்தபடியே அதற்குத் தோள் கொடுக்கும் இந்த இனத்துக்குத் 'தூரத்துத் துணை' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் வேண்டுமா? கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் இருக்கும். ஒன்று அவர்கள் வாழும் நேரம். மற்றது அவர்கள் கவலைப்படும் நேரம். "நாங்க தொந்தரவே பண்ண மாட்டோம்" என்பதைச் சொல்வதற்காகவே நாளுக்கு நான்கு முறை போன் செய்வார்கள். மார்க் முக்கியமில்லை என்பார்கள். அதே மூச்சில் போன தடவை எவ்வளவு என்று கேட்பார்கள். "டென்ஷன் ஆகாதே" என்று அவர்கள் சொல்லும் குரலைக் கேட்டால், டென்ஷன் என்ற நினைப்பே இல்லாமல் பல் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளையும் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். கணவர் நில அளவையாளர். மனைவி மருந்துக்கடை நடத்துகிறார். ஒரே மகள், வயது பத்தொன்பது, பாஸ்போர்ட்டில் என்ன பெயர் இருந்தாலும் வீட்டில் பாப்பா.

அந்தப் பாப்பாவுக்குக் கல்விப் பருவத்தின் நடுவில் புள்ளியியல் தேர்வு வந்தது. அதில் தவறினால் அடுத்த ஆண்டு அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அவ்வளவுதான், வீடு முழுக்கத் தேர்வுக் காய்ச்சல். மருந்துக்கடை அம்மா அறிவுரைகளை வேளை பிரித்து அனுப்பினார்: காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, படுக்கும் முன் இரண்டு. அளவையாளர் அப்பா பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் தாமே படித்துப் பார்த்து, பாதியில் மூடிவிட்டு, "ரொம்ப ஈஸியா இருக்கும்மா" என்று தைரியம் சொன்னார். அதற்கு மேல், மகள் எங்கே இருக்கிறாள் என்று செல்போன் வரைபடத்தில் காட்டும் நீலப் புள்ளியை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி நூலகத்தில் இருந்தால் மோர் குடித்தது போலக் குளிர்ந்தார். புள்ளி காபிக் கடைக்குப் போனால் உடனே அழைத்தார்.

"என்னம்மா, காபியா?"

"அப்பா, நான் இன்னும் ஆர்டரே பண்ணலப்பா!"

தேர்வு நாள். அங்கே காலை ஒன்பது, இங்கே பிற்பகல். அப்பா அலுவலகத்தில், விரித்த வரைபடத்தின் மேல் போனை வைத்திருக்கிறார். அங்கே எட்டு ஐம்பது. புள்ளி விடுதி அறையிலேயே இருக்கிறது. எட்டு ஐம்பத்தைந்து. அசையவில்லை. ஒன்பது ஐந்து. ஓர் அங்குலம் நகரவில்லை.

வரைபடத்தில் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லைக்கல்லும் இருக்கும் என்று முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட மனிதர் வேறென்ன நினைப்பார்? பதினான்கு முறை அழைத்தார். பிறகு மருந்துக்கடைக்கு அழைத்தார்.

"தூங்கிட்டாடி!"

"ஐயோ, தூக்கம் வரலைன்னாளே, நான்தான் கண்ணை மூடிப் படுன்னு சொன்னேன்!"

"நீ எதுக்குச் சொன்னே?"

"வேற எப்படிங்க தூங்கச் சொல்றது?"

அவரிடம் விடுதியின் எண்கள் ஆறு இருந்தன. அவசர எண்ணும் அதில் அடக்கம். காப்பாளர் அம்மாளைப் பிடித்தார். அந்த அம்மாள் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பதினைந்தாவது முறை அடித்தவர் யார் என்று கேட்கவும் வேண்டுமா? மாற்றுச் சாவி வந்தது. கட்டில் காலி. இப்போது அந்த அம்மாளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நேராகத் தேர்வு ஹாலுக்கு ஓடினார். இருநூறு பேர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த இடத்தில் பாப்பாவை எழுந்திருக்கச் சொல்லி, வெளியே அழைத்து வந்து, நலமா, உயிருக்கு ஆபத்து ஏதும் உண்டா என்று விசாரித்தார். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. கடைசிக் கேள்வி பாதியில் நின்றது.

போனை ஏன் அறையில் விட்டுப் போனாள்? அன்று ஒரு நாளாவது நிம்மதியாக எழுதலாம் என்றுதான்.

மாலை அவளே அழைத்தாள். இருவரும் ஒரே போனில் காது வைத்தார்கள்.

"அப்பா, எனக்கு ஒரே ஒரு ஹெல்ப் வேணும்."

"சொல்லும்மா. உடனே பண்றேன்."

"சும்மா இருங்கப்பா."

அப்பா பணிவாகக் கேட்டார்:

"சரிம்மா. எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கொஞ்சம் அழுதாள். அம்மா பேச வாயெடுத்தார். கணவர் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பருவம் முழுவதற்கும் அவர்கள் செய்த ஒரே உருப்படியான உதவி, இருவரும் சும்மா இருந்த அந்த அரை நிமிடம்தான்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. தேவைக்கு மேல் மூன்று மார்க். அளவையாளர் அலுவலகம் முழுக்கச் சொன்னார்: "பாஸாயிட்டோம்!"

நீங்கள் அந்த ரகம் இல்லை, எனக்குத் தெரியும். உங்களுக்கு இதைப் படித்ததும் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இதை அப்படியே பிள்ளைக்கு அனுப்பி, "பாத்தியா, நாங்க இப்படியெல்லாம் இல்லையே?" என்று ஒரு வரி கேட்டுவிட வேண்டும். கேளுங்கள், தப்பில்லை. நாளைக் காலை பிள்ளைக்குப் பரீட்சை. முடிந்த பிறகு கேளுங்கள்.